ஈயம் பூசினாப்பலயும் இருக்கணும், பூசாதாப்பலயும் இருக்கணும்

எதிலும் பட்டுக்கொள்ளாமல் பேசுகிறவரைப் பார்த்து நம்ம பக்கம் சொல்கிற கேலி இது. ஆனால் ஒரு துறையில் இது கேலியே இல்லை, வேலையின் விவரம் அதுதான். தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய வெள்ளிக் கம்பிகளை வலை மாதிரி பரப்பி, அதன் வழியே வெளிச்சமும் போகணும், மின்சாரமும் ஓடணும் என்று முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கம்பி கறுத்துப் போகாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். பூச்சு இருக்கணும், ஆனால் இருப்பது கண்ணுக்கும் தெரியக்கூடாது, மின்சாரத்துக்கும் தெரியக்கூடாது. ஈயம் பூசினாப்பலயும் பூசாதாப்பலயும்!

இந்தக் குறிப்பு அந்தப் பூச்சின் வரலாறு. பழமொழி ஈயத்தில் ஆரம்பிக்கிறது, அதனால் நாமும் அங்கிருந்தே போவோம்.

பாத்திரத்தின் தோல்

கச்சிராயபாளையம் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் இருக்கிற ஊர். பக்கத்தில் கோமுகி அணை, மேலே ஏறினால் வெள்ளிமலை. தமிழ்நாட்டின் எந்த ஊரையும் போல இங்கேயும் பித்தளைப் பாத்திரத்தில் சமைத்த காலம் ஒன்று உண்டு. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளியும் மோரும் பட்டால் செம்பு கரையும், பச்சைக் களிம்பு ஏறும். அதைச் சாப்பிட்டால் வாந்திதான். அதனால் உள்பக்கம் ஈயம் பூசணும்.

ஈயம் என்று நாம் சொல்வது இரண்டு உலோகங்களை. காரீயம் விஷம். பூசுவது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் தெருவோரத்தில் பள்ளம் தோண்டி, துருத்தி வைத்து ஊதுகிற கரி அடுப்பே போதும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி (குப்பென்று வெள்ளைப் புகை வரும், அது பித்தளையின் மேலிருக்கிற ஆக்சைடு அழுக்கை எடுக்கும்), ஈயத்தை ஒரு தொடு தொட்டு, துணியால் சுற்றித் தேய்த்தால் உள்பக்கம் நிலா மாதிரி வெள்ளையாகிவிடும்.

ஈயம் விலை அதிகம், அதனால் மெல்லிசாகப் பூசணும். ஆனால் ஒரு இடம் விட்டாலும் களிம்பு அங்கேயே ஏறும், அதனால் முழுசாக மூடணும். பழமொழியின் இரண்டு பாதியும் இதில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்கணும். இந்தப் பூச்சு நிரந்தரம் என்று யாரும் நினைத்ததில்லை. தேயும், ஈயம் பூசுகிறவர் மறுபடி வருவார், மறுபடி பூசுவார். பாத்திரம் தலைமுறை தாண்டி உழைத்ததற்கு உலோகம் மட்டும் காரணமில்லை, திரும்பி வருகிற அந்த ஆளும் காரணம்.

அவர் வேலையை முடித்துவைத்தது எவர்சில்வர். துருப்பிடிக்காத எஃகு 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி கையில் உருவானது. நம்ம பக்கத்துச் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் அந்தத் தகடுகளை உருட்ட ஆரம்பித்தது. எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதிலிருக்கிற குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு தோலைத் தானே போட்டுக்கொள்கிறது. கீறினால் மறுபடி போட்டுக்கொள்ளும். ஈயம் பூசுகிறவரை உலோகத்துக்குள்ளேயே வைத்து அனுப்பினது மாதிரி.

இந்த இரண்டு மாதிரிகளையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆள் வந்து புதுப்பிக்கிற பூச்சு, தன்னைத்தானே புதுப்பிக்கிற பூச்சு. மூன்றாவதாக ஒன்று வரப்போகிறது.

கண்ணாடிக்குள் மின்சாரம்

கைபேசித் திரையைத் தொட்டால் அதற்குத் தெரிகிறது. எப்படி? கண்ணாடிக்குக் கீழே மின்சாரம் கடத்துகிற ஒரு படலம் இருக்கிறது. நமக்கு அது தெரிவதில்லை. பொதுவாக வெளிச்சத்தை விடுகிற பொருள் (கண்ணாடி, வைரம், உப்பு) மின்சாரத்தை விடாது. மின்சாரத்தை விடுகிற உலோகம் வெளிச்சத்தை விடாது. இரண்டையும் ஒரே பொருளில் முதலில் காட்டியவர் கார்ல் பேடெக்கர் என்ற ஜெர்மானியர், 1907இல். காட்மியத்தை மெல்லிய படலமாகப் படியவைத்துக் காற்றில் சுட்டார். காட்மியம் ஆக்சைடு ஆனது. ஒளி ஊடுருவியது, மின்சாரமும் ஓடியது. பயணக் கையேடுகளுக்குப் பேர்போன பேடெக்கர் குடும்பத்தைச் சேர்ந்தவர் இவர். 1914இல் முதல் உலகப்போரில் இறந்துபோனார்.

அப்புறம் வந்தது, நம்ம வெள்ளீயம்தான். சூடான கண்ணாடி மேல் வெள்ளீயக் குளோரைடைத் தெளித்தால் டின் ஆக்சைடு படலம் கிடைக்கும். இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் முன்கண்ணாடியில் பனி உறையாமல் சூடாக்க இது பயன்பட்டது. பிறகு இந்தியம் ஆக்சைடோடு கொஞ்சம் டின் ஆக்சைடு (எடையில் ஏறக்குறைய 90க்கு 10) கலந்த ஐ.டி.ஓ. என்ற பொருள் எல்லாரையும் முந்தியது. 1965இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வகத்தில் இ. ஏ. ஜான்சன் தொடுதிரை பற்றி முதல் கட்டுரை எழுதினார். இன்று கையிலிருக்கிற பெரும்பாலான திரைகளில் ஐ.டி.ஓ. இருக்கிறது.

இந்தியம் என்ற பேரைக் கேட்டால் நம்ம நாட்டு உலோகம் என்று தோன்றும். பாதி சரி. 1863இல் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் ஃபெர்டினாண்ட் ரைஷ் ஒரு துத்தநாகத் தாதுவை ஆராய்ந்தார். அவருக்கு நிறக்குருடு, அதனால் நிறமாலையைப் பார்க்கிற வேலையைத் தியோடோர் ரிக்டரிடம் கொடுத்தார். ரிக்டர் கண்ணில் இண்டிகோ நிறத்தில் ஒரு புதுக்கோடு பட்டது. அதனால் இந்தியம். இண்டிகோ என்ற சொல்லே 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இண்டிகோ என்றால் அவுரி நீலம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் அவுரி அதிகம் விளைந்த மாவட்டங்களில் ஒன்று, கள்ளக்குறிச்சி அன்று சேர்ந்திருந்த தென்னார்க்காடு. நம்ம வயல்காட்டு நீலத்தின் பேர் ஒரு உலோகத்துக்குப் போய், அந்த உலோகம் திரையாக நம்ம கைக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஐ.டி.ஓ.வில் இரண்டு சிக்கல். இந்தியத்துக்கென்று தனிச் சுரங்கம் கிடையாது, துத்தநாகம் எடுக்கும்போது கொசுறாகக் கிடைப்பதுதான். அதனால் தேவை கூடினாலும் இந்தியத்துக்காக மட்டும் யாரும் உற்பத்தியைக் கூட்ட மாட்டார்கள். இரண்டாவது, அது மண்பாண்டம் மாதிரி, வளைத்தால் விரிசல் விடும். மடிக்கிற திரைக்கும், துணி மாதிரி சுருட்டுகிற சூரிய மின்தகட்டுக்கும் வேறு ஏதாவது வேண்டும்.

வெள்ளி வலை

2002இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூகாங் சன், யூனான் சியா இருவரும் வெள்ளியை நானோகம்பியாக வளர்க்க ஒரு எளிய வழியைக் காட்டினார்கள். எத்திலீன் கிளைக்கால் (வண்டி ரேடியேட்டரில் ஊற்றுகிற திரவத்தில் இருப்பது) சூடாக்கி, வெள்ளி நைட்ரேட்டையும் பி.வி.பி. என்ற பாலிமரையும் சேர்க்கணும். ஐந்து பக்கமுள்ள வெள்ளிப் படிகத்தின் பக்கவாட்டில் பி.வி.பி. ஒட்டிக்கொள்ளும். இரண்டு நுனி மட்டும் திறந்திருக்கும், அதனால் படிகம் நீளத்தில் மட்டுமே வளரும். கிடைப்பது சில பத்து நானோமீட்டர் தடிமனும், அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு நீளமும் உள்ள கம்பி.

2008இல் ஸ்டான்ஃபோர்டில் பீட்டர் பியூமன்ஸ், யி குய் குழுவினர் இந்தக் கம்பிகளைத் திரவத்தில் கலக்கிக் கண்ணாடி மேல் பரப்பினார்கள். வைக்கோல் சிதறிக் கிடக்கிற களம் மாதிரி ஒரு வலை. இடைவெளி வழியே வெளிச்சம் போகிறது, ஒன்றோடொன்று தொடுகிற கம்பிகள் வழியே மின்சாரம் போகிறது. ஐ.டி.ஓ.வுக்கு ஈடாக வந்தது. மை மாதிரி பூசலாம், வளைக்கலாம், வெற்றிட இயந்திரம் வேண்டாம். கேம்பிரியோஸ் போன்ற நிறுவனங்கள் இதை மையாகவே விற்கவும் செய்தன. எல்லாம் சரி. ஆனால் வெள்ளி ஆச்சே!

கொலுசு ஏன் கறுக்கிறது?

சேலத்துக் கொலுசு போட்ட எல்லாருக்கும் தெரியும், வெள்ளி கறுக்கும். காற்றில் கொஞ்சூண்டு இருக்கிற கந்தக வாயு, அதாவது அழுகின முட்டையில் வருகிற ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகும். கொலுசில் இது வெறும் அழுக்கு. திருநீறு வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

நானோகம்பியில் கதை வேறு. ஒரு கணக்குப் போடுவோம். 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெள்ளிக் கம்பியில், வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற அணுக்கள் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. 30 நானோமீட்டர் கம்பியில் அது நூற்றுக்கு நாலு. இப்போது சுற்றிலும் 10 நானோமீட்டர் ஆழத்துக்குக் கறுப்பதாக வைத்துக்கொள்வோம். கொலுசுக்கு ஒன்றும் ஆகாது. நானோகம்பியில் நடுவில் 10 நானோமீட்டர் வெள்ளிதான் மிஞ்சும். குறுக்குப் பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகும், மின்தடை ஒன்பது மடங்காகும். இன்னும் 5 நானோமீட்டர் உள்ளே போனால் கம்பியே இல்லை.

இது வெறும் கணக்கல்ல. 2005இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எலெச்சிகெரா, யாக்கமான் குழுவினர் வெள்ளி நானோகம்பிகளைச் சாதாரணக் காற்றில் வைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கம்பி மேல் சல்பைடுப் படிகங்கள் முளைத்திருந்தன. 2013இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலிக், கோல்ட்தார்ப் இருவரும் சூரிய மின்கலத்தில் ஓடுகிற அளவு மின்சாரத்தை இந்த வலையில் ஓடவிட்டார்கள். சில மாதிரிகள் இரண்டே நாளில் செயலிழந்தன. மின்சாரம் ஓடும்போது வருகிற சூடும் ஒரு காரணம்.

சூட்டில் என்ன ஆகிறது? வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். ஆனால் நானோகம்பி 200, 300 டிகிரியிலேயே துண்டு துண்டாகி உருண்டைகளாக மாறிவிடும். குழாயிலிருந்து மெல்லிசாக விழுகிற தண்ணீர் கொஞ்ச தூரத்தில் சொட்டுச் சொட்டாக உடைகிறதே, அதே ராலே நிலையின்மைதான். அணுக்கள் மேல்பரப்பில் நகர்ந்து, பரப்பைக் குறைக்கப் பார்க்கின்றன. உருகாமலேயே உடைகிறது.

ஆக, பூச்சுக்கு இரண்டு வேலை: காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்தணும், அணுக்களை உள்ளே நிறுத்தணும்.

என்னென்ன பூசிப் பார்த்தார்கள்

*தங்கம்.* இதை நெசவாளர்கள் முன்னாடியே செய்துவிட்டார்கள். காஞ்சிபுரம் பட்டின் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றின வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். நல்ல சரிகையிலும் தங்கம் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான். கறுக்கிற வெள்ளியை மூடுவதற்கு அது போதும். நானோகம்பிக்கும் இதே யோசனையைச் செய்து பார்த்தார்கள். விலையை விடுங்கள், இன்னொரு ஆபத்து இருக்கிறது. மேலே இருக்கிற உலோகம் கீழே இருப்பதைவிட மந்தமானது என்றால், பூச்சில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் ஈரம் பட்ட இடத்தில் கீழே இருப்பது முன்பைவிட வேகமாக அரிக்கும். அரைகுறையாகப் பூசுவதற்குப் பூசாமலே இருக்கலாம்.

*நிக்கல்.* வெள்ளிக்குப் பதில் விலை குறைந்த செம்பிலேயே நானோகம்பி செய்தது டியூக் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் வைலி குழு. செம்பு இன்னும் சீக்கிரம் ஆக்சைடு ஆகும். 2012இல் அவர்கள் செம்புக் கம்பி மேல் நிக்கல் ஏற்றினார்கள். ஆக்சிஜனுக்கு நன்றாகவே தாங்கியது. ஆனால் பூச்சு ஏற ஏறக் கம்பி தடிக்கும், வெளிச்சம் குறையும். பாதுகாப்புக்கு ஒரு விலை, அதை வெளிச்சத்தில் கொடுக்கணும்.

*கார்பன்.* 2012இல் கொரிய ஆய்வாளர்கள் ஒடுக்கப்பட்ட கிராஃபீன் ஆக்சைடால் வெள்ளி வலையை மூடி, சூட்டிலும் ஈரத்திலும் அது நிலைப்பதைக் காட்டினார்கள். அணு அளவு மெல்லிய போர்வை. போர்வைத் துண்டுகள் சேருகிற விளிம்புதான் பலவீனம்.

*ஆக்சைடு.* துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு, டின் ஆக்சைடு. இவை ஒளியை விடும், மெல்லிசாக இருந்தாலும் இடைவெளி இல்லாமல் மூடலாம். அப்படி மூட அணு அடுக்குப் படிவு என்ற முறை இருக்கிறது: ஒரு வாயுவை விடு, மேல்பரப்பில் ஒரே அடுக்கு ஒட்டும், மீதியை வெளியேற்று, அடுத்த வாயுவை விடு, அது ஒட்டினதோடு மட்டும் சேரும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.1 நானோமீட்டர். 1974இல் பின்லாந்தின் துவோமோ சுந்தோலா இதைக் கண்ணாடித் திரைகளுக்காகவே உருவாக்கினார். 1983இல் ஹெல்சிங்கி விமான நிலையத் தகவல் பலகை அந்த முறையில் செய்ததுதான். லெனின்கிராடில் அலெஸ்கோவ்ஸ்கி குழுவினர் 1960களிலேயே இதே வேதியியலைத் தனியாக எட்டியிருந்தார்கள். பிரான்ஸின் கிரெனோபிலில் டேனியல் பெல்லே குழுவினர் வெற்றிட அறை இல்லாமல் திறந்த காற்றிலேயே துத்தநாக ஆக்சைடை இப்படிப் பூசினார்கள். சில பத்து நானோமீட்டர் பூச்சிலேயே வெள்ளி வலை முன்பைவிட அதிகச் சூட்டையும் மின்னழுத்தத்தையும் தாங்கியது. அணுக்கள் நகரப் பூச்சு விடவில்லை.

குறை? ஆக்சைடு மண்பாண்டம் மாதிரி. தடிமனாகப் பூசினால் வளைக்கும்போது விரிசல் விடும், ஐ.டி.ஓ.வை விட்டு ஓடிவந்ததே அதற்காகத்தானே? மெல்லிசாகப் பூசினால் காப்பு குறையும். இதற்கு நடுவில்தான் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காய்ந்த ஏரி சொன்ன வழி

கோடையில் அணையில் தண்ணீர் இறங்கினால் கரைச்சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இன்னொன்றில் போய் முடிகிறது, தனியாக நிற்கிற வெடிப்பு அபூர்வம். முழுசாக இணைந்த ஒரு வலை!

பெங்களூரில் ஜி. யு. குல்கர்னி குழு இதைத்தான் பயன்படுத்தியது. கண்ணாடி மேல் ஒரு மெல்லிய பூச்சைத் தடவிக் காயவிட்டால் அது சேறு மாதிரி வெடிக்கும். மேலே உலோக ஆவியைப் படியவிட்டால் வெடிப்புகளுக்குள் இறங்கும். பிறகு பூச்சைக் கழுவினால் வெடிப்பின் வடிவத்தில் உலோக வலை மிஞ்சும். 2014இல் இந்த வேலை வெளிவந்தது. இந்தக் கம்பிகள் நானோகம்பியைவிட அகலமானவை. ஆனால் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. சிதறின நானோகம்பிகளில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிற சந்திப்புகளில்தான் தடை அதிகம், சூடு அதிகம், உடைவதும் அங்கேதான். வெடிப்பு வலையில் எல்லாம் ஒரே துண்டு, சந்திப்பு என்றே ஒன்று இல்லை.

குல்கர்னி பிறகு பொறுப்பேற்ற நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. சி. வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டவர். 1991இல் அவர் தொடங்கிய திரவப் படிக ஆய்வு மையமே இன்றைய நிறுவனம். திரவப் படிகத் திரைக்கு இரண்டு பக்கமும் ஒளி ஊடுருவும் மின்வாய் வேண்டும். திரையை ஆராய்ந்த இடம் திரையின் மின்வாய்க்கு வந்தது இயல்புதான்.

2020இல் அந்தக் குழுவும் ஜோத்பூர் ஐ.ஐ.டி.யின் ரீத்து குப்தாவும் சேர்ந்து வெளியிட்ட வேலைதான் நம்ம கதைக்கு நேர் சம்பந்தம். வலைக்குத் தங்கமோ வெள்ளியோ இல்லை, அலுமினியம். அலுமினியமும் எவர்சில்வர் மாதிரி தன் தோலைத் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் மெல்லிய கம்பிக்கு அந்தத் தோல் மட்டும் போதாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு உள்ளே போகும், கீறினால் கம்பியே அறும். அதனால் மேலே ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு பூசினார்கள். அது காப்பு மட்டுமல்ல, தானும் மின்சாரம் கடத்தும், வலையின் ஓட்டைகளையும் நிரப்பும். கீறல், சூடு, ஈரம் மூன்றையும் தாங்கியது. டின் என்றால் வெள்ளீயம். பித்தளைக்குப் பூசின அதே ஈயம் அலுமினிய வலைக்கும் பூசப்பட்டது, இந்த முறை கண்ணுக்கே தெரியாமல்.

திரும்பி வராத ஆள்

நீடித்து உழைக்கும் என்பதை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்? சூரியத் தகடுகளுக்கு வழக்கமான ஒரு சோதனை: 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். அதாவது ஏறக்குறைய 42 நாள் சித்திரவதை. தாங்கினால் தேர்ச்சி. கூரைமேல் அது நிற்க வேண்டியதோ 25 வருஷம், அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும். 42 நாளை வைத்து 25 வருஷத்தைக் கணிப்பது ஒரு நம்பிக்கைதான். நல்ல ஆய்வாளர்களும் அதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

முன்னே சொன்ன மூன்றாவது மாதிரி இதுதான். ஈயப்பூச்சு தேய்ந்தால் ஆள் வந்தார். எவர்சில்வர் தோல் கீறினால் தானே வளர்ந்தது. நானோகம்பியின் பூச்சு இரண்டும் இல்லை. கண்ணாடிக்கும் பசைக்கும் நடுவே ஒருமுறை மூடி முத்திரை வைத்தால் முடிந்தது. ஓட்டை விழுந்தால் யாரும் உள்ளே போய்ப் பூச முடியாது. சிறு நகரத்துக் கைபேசிக் கடையில் திரை போச்சு என்றால் முழுத் திரையையும் மாற்றுவதுதான் 'ரிப்பேர்', பழையது குப்பைக்குப் போகும். அதில் போன இந்தியமோ வெள்ளியோ பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது.

அதனால் பூச்சு ஆராய்ச்சியை வெறும் துணைவேலையாக நான் பார்க்கவில்லை. புதுக் கம்பி கண்டுபிடித்தவர் பேர் செய்தியில் வரும், பூச்சு போட்டவர் பேர் வராது. ஆனால் விலை குறைந்த உலோகத்தை நம்பி ஒரு சாதாரணக் குடும்பம் கூரைமேல் தகடு போடலாமா என்பதை முடிவு செய்வது பூச்சுதான். தங்கத்துக்குப் பூச்சு வேண்டாம். செம்புக்கும் அலுமினியத்துக்கும்தான் வேண்டும். அந்தப் பூச்சு நன்றாக அமைந்தால்தான் நீடித்து உழைக்கிற பொருள் காசுள்ளவனோடு நின்றுவிடாது.

ஈயம் பூசுகிறவர் செய்த வேலையில் பாதி, பூசுவது. மீதிப் பாதி, திரும்பி வருவது. இப்போது இருபது நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு படலத்திடம் நாம் அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துக் கேட்கிறோம்.